வாலுக்கு ஒரு விலை

ஷாகிதாவுக்கு எலி என்றாலே ஆகாது. பூந்தமல்லியில் பிறந்த வீட்டில் இருந்தபோது, அடுப்படியில் ஓர் எலி ஓடினால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாளாம். கல்யாணமாகி அண்ணனூரில் எங்கள் தெருவுக்கு வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அப்படிப்பட்டவள் எலி பிடிக்கிற வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது, அவள் கணவர் நூர் முகமது சமோசா போட்டுக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாது, எலி புடிக்கிற வேலையா? ஒனக்கா? எலி ஒன்னப் புடிக்காம இருந்தா சரி."

"சிரிங்க, நல்லா சிரிங்க. கம்பெனிய ஒரகடத்துக்குத் தூக்கிகினு போயிட்டான். நான் டெய்லி அம்மாந்தூரம் போயிட்டு வர முடியுமா? இது அம்பத்தூர்லயே கீது. ரயில் ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன்."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டார் பம்புகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் அவள் பல வருஷம் வேலை பார்த்தவள். கம்பெனி இடம் மாறியதும் வேலை போயிற்று. நூர் முகமது வீட்டிலேயே சமோசா போட்டு டீக்கடைகளுக்குக் கொடுப்பவர். அந்த வருமானத்தில் வீடு ஓடும், ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடும். மகள் ரூஹி நர்சிங் படிக்கச் சேர்ந்திருந்த சமயம் வேறு. அதனால் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு ஷாகிதா வேலையில் சேர்ந்துவிட்டாள்.

வேலை ஒரு பெரிய உணவுப் பொருள் கிடங்கில். பிஸ்கட், மாவு, பருப்பு, நூடுல்ஸ் என்று கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். கிடங்குக்காரர்கள் பூச்சி, எலி ஒழிக்கிற வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தார்கள். ஷாகிதா அந்த ஒப்பந்தக்காரரின் ஆள். கரப்பானுக்கு மருந்து வைப்பது, பசை அட்டை விரிப்பது, கூண்டு வைத்து எலி பிடிப்பது. சேர்ந்த புதிதில் வகுப்பு மாதிரி ஒன்று வைத்து, கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது, பூட்ஸ் இல்லாமல் ஈரத்தில் இறங்கக்கூடாது, எலியின் மூத்திரத்தால் காய்ச்சல் வரும், உயிரே போகும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் எலி கூண்டில் விழுந்த அன்று ஷாகிதா கூண்டைப் போட்டுவிட்டு வாசல் வரைக்கும் ஓடிவிட்டாள். பின்னாலேயே வந்தவன் கூட வேலை பார்க்கிற அசோக்.

"யக்கா, அது உன்னப் பாத்து பயந்துகினு கீது. நீ அதப் பாத்து ஓடுற. யாராச்சும் ஒருத்தர் தைரியமா இருந்தாதான வேல நடக்கும்?"

கூண்டின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தித் தூக்கினால் எலி சத்தம் போடாது என்று அவன்தான் காட்டினான். அசோக்குக்குச் சொந்த ஊர் மாங்காடு. விஜி என்ற பெண்ணைக் காதலித்து, இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்து, எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தான். ஷாகிதா அவனுக்குச் சொந்த அக்கா மாதிரி ஆகிவிட்டாள். காலையில் இருவரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். விஜிக்கு உடம்பு சரியில்லை என்றால் ஷாகிதா கஞ்சி கொண்டுபோவாள். பெருநாளுக்கு முதல் பிரியாணிப் பாத்திரம் அசோக் வீட்டுக்குத்தான் போகும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கோடையில் கிடங்கில் எலி பெருகிவிட்டது. கடித்த பெட்டிகள் கடைகளிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. கிடங்குக்காரர்கள் ஒப்பந்தக்காரரை நெருக்க, அவர் மேற்பார்வையாளர் குணசேகரனை நெருக்க, குணசேகரன் ஒருநாள் எல்லாரையும் கூட்டி நிற்கவைத்துப் பேசினார்.

"இனிமே சம்பளம் தனி, போனஸ் தனி. ஒரு எலி வாலுக்கு இவ்ளோன்னு கைல குடுப்போம். மாசத்துல யார் நிறைய புடிக்கிறாங்களோ, அவங்களுக்கும் அடுத்தாப்ல வர்றவங்களுக்கும் ரயில் சீசன் டிக்கெட் கம்பெனி செலவு. இது ஒண்ணும் புதுசு இல்ல. பிளேக் வந்தப்போ வெள்ளக்கார கவர்மெண்டே எலிக்குக் காசு குடுத்துருக்கான்."

"அப்பால எலி கொறஞ்சிச்சா சார்?" என்று கேட்டார் வீராசாமி. அந்தக் குழுவிலேயே வயதில் மூத்தவர்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க புடிங்க."

முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. மூலை முடுக்கெல்லாம் கூண்டு. யார் கூண்டில் விழுந்தது என்று சண்டைகூட வந்தது. அசோக் முதல், ஷாகிதா இரண்டாவது. சீசன் டிக்கெட்டை நூர் முகமதுவிடம் காட்டி, "எலி புடிச்ச காசுல ரயில்ல போறேன் பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாருடைய கூண்டும் காலியாக ஆரம்பித்தது. பிடிக்கப் பிடிக்கக் குறையத்தானே செய்யும். ஆனால் அசோக்கின் கணக்கு மட்டும் குறையவில்லை. வாலை வெட்டிக் கணக்குக் காட்டுமுன் அவன் கொண்டுவருகிற எலிகளை ஷாகிதா கவனித்தாள். கிடங்கு எலி என்றால் காது கிழிந்திருக்கும், உடம்பில் சண்டைத் தழும்பு இருக்கும், ஒன்று பெருத்திருந்தால் ஒன்று காய்ந்திருக்கும். அசோக்கினுடையவை எல்லாம் இளசு. மினுமினுவென்று ஒரே நிறம்.

ரயிலுக்கு நிற்கும்போது கேட்டுவிட்டாள். "இன்னாடா, ஒன் எலியெல்லாம் ஒரே ஊட்டுப் புள்ளைங்க மாதிரி கீது?"

"கண்ணு வெக்காதக்கா" என்று சிரித்தான். சிரிப்பு முகத்தோடு ஒட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் சமோசா கொடுக்க அவன் வீட்டுக்குப் போனாள். வழக்கமாக உள்ளே இழுத்து உட்காரவைக்கிற விஜி, வாசலிலேயே கையை நீட்டினாள். உள்ளேயிருந்து வந்த எலி வாடை ஷாகிதாவுக்குப் பழக்கமானது. பேசாமல் விஜியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று. மேலே கம்பி வலை. உள்ளே எட்டிப் பார்த்தாள். குட்டியும் பெரிசுமாக எலிகள்.

"யக்கா, யாராண்டயும் சொல்லிடாத" என்று விஜி அழ ஆரம்பித்தாள்.

அசோக் வந்தான். அவன் அழவில்லை. "இன்னாக்கா தப்பு? அவங்களுக்கு வால் வேணும், நான் வால் குடுக்கிறேன். ஒரு ஷேர் ஆட்டோ எடுக்க முன்பணம் சேந்துட்டா இந்தக் கருமத்த வுட்டுருவேன். ஆயுசு பூரா எலி புடிச்சிகினே கெடக்கணுமா நானு?"

கூண்டைப் போட்டுவிட்டு ஓடிய ஷாகிதாவுக்குப் பின்னாலேயே வந்து தைரியம் சொன்னவன் அவன். அதோடு, விஷயம் வெளியே போனால் போனஸ் எல்லாருக்கும் நின்றுபோகும். அந்த மாதமும் சீசன் டிக்கெட் அவள் கைக்கு வருவதாக இருந்தது. இதையும் அவள் நினைத்தாள். "சீக்கிரம் வுட்டுத் தொலடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, தொடாத கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அசோக் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் ஏறி, பீப்பாய் சாய்ந்துவிட்டது. அவன் வேலைக்குப் போயிருந்தான். ஓடின எலி போக மிச்சத்தைப் பிடித்து, பீப்பாயைக் கழுவி, தரையைப் பெருக்கித் தள்ளியது விஜிதான். வெறும் கால். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு.

தண்ணீர் வடிந்து சில நாளில் விஜிக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்பதால் மாத்திரை போட்டுப் படுத்தாள். கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே கத்தினாள். பிறகு கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று சொல்லி யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஷாகிதா போய்ப் பார்த்தபோது விஜிக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. காலையிலிருந்து சிறுநீர் பிரியவில்லை என்றாள்.

வேலைக்குச் சேர்ந்தபோது சொன்ன எலி மூத்திரக் காய்ச்சல் நினைவு வர, ஷாகிதா வீட்டுக்கு ஓடினாள். நூர் முகமது பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் ஒரு பெண். விஜியின் வயிற்றையும் காலையும் அழுத்திப் பார்த்துவிட்டு அசோக்கிடம் கேட்டார். "வெள்ளத் தண்ணில நடந்தாங்களா? வீட்ல ஆடு, மாடு, நாய் ஏதாவது? எலித் தொல்லை உண்டா?"

"தண்ணில நடந்தா மேடம். எலியெல்லாம் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரத்தம் எடுத்து அனுப்புறோம். ரிசல்ட் வர நேரமாகும். டெங்குவா, காமாலையா, எலிக்காய்ச்சலான்னு பாக்கணும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற."

அசோக் தலையை ஆட்டினான். "இல்ல மேடம்."

ஷாகிதா அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "போயி சொல்லு."

"சொன்னா வேல போயிடும்க்கா. போலீசு கேசுன்னு ஆயிடும். ரத்தம்தான் எடுக்கிறாங்களே, அதுலயே தெரிஞ்சிடும்."

"அதுக்குள்ள அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "யக்கா, ஒன் தம்பியா நெனச்சிக்கோ. வேணாங்க்கா."

"தம்பியா நெனச்சிதான்டா அன்னிக்கு வாய மூடிகினு வந்தேன்" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பீப்பாய், எலிகள், வெறுங்காலோடு விஜி கழுவியது, எல்லாம்.

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான் இருந்தது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்ற டாக்டர், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஊசியை ஆரம்பிக்கச் சொன்னார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. விஜி பிழைப்பாளா என்று இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் சுகாதாரத் துறை ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். பின்கட்டில் பீப்பாய் அப்படியே இருந்தது. விஷயம் தெருவிலிருந்து கிடங்கு வரைக்கும் போக ஒரு பகல்கூட ஆகவில்லை. அசோக்கை வேலையை விட்டு நீக்கினார்கள். போலீஸ் வரைக்கும் போகாமல் குணசேகரன் எப்படியோ தடுத்துவிட்டார். ஆனால் வாலுக்கு போனஸும், சீசன் டிக்கெட்டும் அன்றோடு நின்றன.

கிடங்கில் யாரும் ஷாகிதாவோடு பேசவில்லை. சாப்பிடும் நேரத்தில் அவள் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. வீராசாமி மட்டும் ஒருநாள் வந்து, "எங்க சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டியேம்மா" என்றார். "கம்பெனியாண்ட நான் ஒண்ணும் சொல்லலண்ணே. டாக்டராண்டதான் சொன்னேன்" என்றாள். "தெரியும்" என்றார் அவர். "எம் பொண்டாட்டி அப்டி கெடந்திருந்தாலும் நீ சொல்லியிருப்ப. அதுவும் தெரியும்." அதற்கப்புறம் அவர் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்.

வீட்டில்தான் அவள் அழுதாள். "தப்பு பண்ணிட்டனாங்க?" என்று நூர் முகமதுவிடம் கேட்டாள். அவர் மாவு பிசைந்த கையோடு யோசித்தார். "சொன்னது தப்பில்ல. லேட்டா சொன்ன. நானா இருந்தா இன்னும் லேட்டா சொல்லியிருப்பேன்."

விஜி வீடு திரும்பிய பிறகும் ஷாகிதா அந்தப் பக்கம் போகவில்லை. அசோக் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் விஜியே வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடு விஜி. பாத்த அன்னிக்கே சண்ட போட்டு அந்த பீப்பாயத் தூக்கிப் போட வெச்சிருக்கணும். எனக்கும் அந்த டிக்கெட்டு மேல ஆச இருந்திச்சி."

விஜி சொன்னாள். "தெனமும் அதுங்களுக்கு நொய்யும் வேர்க்கடலையும் போட்டது நான்தானேக்கா. குட்டி போட்டா எண்ணிப் பாத்து சந்தோசப்பட்டேன். ஒன்ன எப்டிக்கா திட்டுறது?"

இரண்டு பேரும் அழுதார்கள். ரூஹி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். விஜியின் மாத்திரைகளை வாங்கிப் பார்த்து, எதை எப்போது போட வேண்டும் என்று மறுபடி சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்து வந்த ரம்ஜானில் நூர் முகமதுவுக்கு ஆர்டர் குவிந்துவிட்டது. ஆவடி, திருமுல்லைவாயில் என்று கடைகள். விஜி மதியம் வந்து சமோசாவுக்கு மாவுத் தாள் மடித்துக் கொடுத்தாள். நூர் முகமது அவளுக்குக் கூலியைக் கணக்காகக் கொடுத்தார், அவள் வேண்டாம் என்று சொன்னபோதும். கடைகளுக்குக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. விஜி வீட்டில் என்ன சொன்னாளோ, நான்காம் நோன்பன்று அசோக் எங்கிருந்தோ ஒரு பைக்கோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. ஷாகிதாவைப் பார்க்கவுமில்லை.

"மாமா, எந்தக் கடைக்கு மொதல்ல?"

"ஆவடி ஸ்டேஷன் எதுக்கால கீற கடைக்குப் போ. அப்பால மத்தது" என்றார் நூர் முகமது, நேற்றும் வந்தவனிடம் சொல்வதைப் போல.

டப்பாக்களை ஷாகிதாதான் எடுத்துக்கொண்டு போய்ப் பைக்கில் கட்டினாள். கயிறு வழுக்கியது. அசோக் ஒரு கையால் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். அவள் முடிச்சுப் போட்டாள்.

"இறுக்கமா கீதா?" என்று அவள் கேட்டாள்.

"கீதுக்கா" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான்.