காணிக்கைக்கு வந்த காய்ந்த பூ

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், விடிந்ததும் நான் செய்த முதல் வேலை வீட்டுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவது. மரவேலிக்கு அந்தப் பக்கம் எழுபது வயது மிஸஸ் ஹார்ட்லி அதே நேரத்தில் ஒரு கம்பிக்கூண்டில் தீனி நிரப்பி ஆப்பிள் மரத்தில் தொங்கவிடுவார். நான் குருவிகளை விரட்டிக்கொண்டிருப்பேன், அவர் அவற்றை விருந்துக்கு அழைத்துக்கொண்டிருப்பார். அவர் நிரப்பிய தீனி சூரியகாந்தி விதை. நான் காவல் காத்ததும் சூரியகாந்திதான். ஒருநாள் வேலிமேல் எட்டிப் பார்த்து, "இது உங்கள் காலை வழிபாடா?" என்று மரியாதையாகக் கேட்டார். "இல்லை, குருவிகளுக்காக" என்றேன். குருவிகளுக்கு நான் இசை வாசிப்பதாக நினைத்து, "லவ்லி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போதிருந்த ஆங்கிலத்தில் அதைத் திருத்தத் தெரியவில்லை.

நான் பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர்கள். சூரியகாந்தி வெட்டும் சமயத்தில், பூவெல்லாம் உதிர்ந்து கருகி, தட்டுத் தட்டாகத் தொங்கும் தலைகளை அரிந்து, களத்தில் காயவைத்துத் தடியால் அடிப்பார்கள். தோட்டக்காட்டில் தவறி விழுந்து கிடப்பவற்றை வேலை முடிந்தபின் ஆட்கள் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எழுதாத வழக்கம். பொறுக்கியதில் பெரிய தலை ஒன்றை அம்மா எடுத்து வைப்பாள். விளைந்ததில் ஒரு பங்கைக் கர்த்தருக்கு வைக்கும் அறுப்பின் பண்டிகையன்று எங்கள் சிறிய கிறிஸ்தவக் கோயிலில் வாழைத்தாரும் பூசணியும் வந்து இறங்கும்போது, பலிபீடத்தின் ஓரத்தில் அம்மாவின் காய்ந்த சூரியகாந்தியும் இருக்கும். யாரும் அதைக் குறையாகப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல் உண்டு. "பொறுக்குனது பொறுக்குனதுதான் கண்ணு. நம்ம போட்டு, நம்ம தண்ணி ஊத்தி, நம்மளதுன்னு ஒண்ணு வெளையோணும். அதக் கொண்டுபோயி வெச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்பாள்.

ஒருமுறை போதகர் சூரியகாந்தியை வைத்தே பிரசங்கம் செய்தார். அது நாள் முழுதும் சூரியனைப் பார்த்தே திரும்புவதுபோல விசுவாசியும் கிறிஸ்துவைப் பார்த்தே திரும்ப வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆராதனை முடிந்ததும் அம்மா வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கய்யா, உங்களுக்குப் பூவத் தெரியுமுங்க, வெள்ளாமையத் தெரியாதுங்க. திரும்பறதெல்லாம் மொட்டா இருக்கற வரைக்குந்தானுங்க. பூத்துப்போச்சுன்னா கெழக்க பாத்து நின்னுக்குமுங்க. மணி புடிச்சா தலையத் தொங்கப் போட்டுக்கும்." போதகர் நல்ல மனுஷன். சிரித்துவிட்டு, "அப்ப நம்ம ஜெபம் பண்றாப்பலதானுங்கம்மா" என்றார். அம்மா அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். எனக்கு அப்போது அவள் போதகரையே மடக்கியதுதான் பெருமையாக இருந்தது, சொன்ன விஷயம் மனதில் தங்கவில்லை.

பிறகு நான் கோயமுத்தூரில் நர்சிங் படித்தேன். பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை செய்த ஜெயராஜைக் கல்யாணம் செய்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் இங்கிலாந்தில் இந்தச் சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து இருவரும் கிளம்பினோம். பெட்டியை மூடும்போது அம்மா துணிமுடிச்சு ஒன்றைச் சேலைகளுக்கு நடுவே செருகினாள். உள்ளே சூரியகாந்தி விதை. "அங்கயும் துளி மண்ணு இருக்குமல்ல. போட்டு உடு. மொத வெள்ளாமையக் கோயில்ல வெச்சுப்போட்டு எனக்கு எழுது." வாடகை வீட்டின் பின்னால் இருந்த அந்தத் துளி மண்தான் எங்கள் வம்சத்தில் நாங்களே விதைத்து நாங்களே அறுக்கப்போகும் முதல் நிலம். தட்டை ஏன் அப்படித் தட்டினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகஸ்டில் ஆள் உயரத்துக்கு மேலே மஞ்சளாகப் பூத்தது. மிஸஸ் ஹார்ட்லிதான் ஊர்க் கோயிலில் பூ அலங்காரம் செய்பவர், எங்களை முதன்முதலில் ஆராதனைக்கு அழைத்துப்போனவரும் அவரே. கத்தரிக்கோலோடு வந்து, "ஐந்தாறு தருவாயா எஸ்தர், கோயில் ஜாடிக்கு?" என்றார். பூவில் இருக்கும் பயிரை வெட்டுவதா! பால் குடிக்கும் கன்றைக் கேட்டதுபோல எனக்குப் பதறிவிட்டது. "இப்போது வேண்டாம். அறுப்புப் பண்டிகைக்கு நானே கொண்டுவருகிறேன்" என்றேன். அவர் மனதில் ஒரு மஞ்சள் பூச்செண்டு உட்கார்ந்துகொண்டது. என் மனதில் இருந்தது வேறு.

செப்டம்பர் கடைசியில் தலைகள் குனிந்து, பின்புறம் பழுப்பேறி, மணி கெட்டிப்பட்டது. மூன்று பெரிய தலைகளை அரிந்து, பண்டிகைக்கு முந்தின நாள் பலிபீடப் படியில் வைத்து மண்டியிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனால், அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய டேலியாப் பூக்கள். டின்களில் அடைத்த பீன்ஸ்கூட வரிசையாக இருந்தது. என் தலைகளைக் காணோம். மிஸஸ் ஹார்ட்லி என் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காதபடி, "பாவம், உன் பூக்கள் செத்துவிட்டன. உனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதென்று நானே பின்னால் உரக்குழியில் போட்டுவிட்டேன்" என்றார். அந்த முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் என்னால் கோபப்படவும் முடியவில்லை. "தேங்க் யூ" என்று சொன்னேன். அந்த இரண்டு சொல்லை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். ஜெயராஜ் டீ போட்டு நீட்டினார். "கோயிலுக்குப் பின்னால போட்டாலும் அது கோயில் எடந்தானே அம்மணி. ஆண்டவருக்குப் பின்வாசல் தெரியாதா?" என்றார். "உங்க பம்புகிட்டப் போயி பேசுங்க" என்று கத்திவிட்டேன். தாராபுரத்திலிருந்து அம்மா யாரிடமோ சொல்லி எழுதிய ஏர்மெயில் வந்தது. மற்ற விசாரிப்பெல்லாம் முடிந்து கடைசி வரியில், "வெச்சியா கண்ணு?" வைத்தேன் என்று எழுதினால் பொய். குப்பையில் போட்டார்கள் என்று எழுதினால் அவள் தாங்கமாட்டாள். குளிர்காலம் முழுக்க நான் பதிலே போடவில்லை. ஞாயிறுகளில் முதியோர் இல்லத்து டியூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கர்த்தரிடமும் அம்மாவிடமும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் மிஸஸ் ஹார்ட்லி கதவைத் தட்டி, "என்னோடு வா" என்றார். கோயிலுக்குப் பின்னால், கல்லறைகளை ஒட்டி, உரக்குழியிலும் அதைச் சுற்றியும், முழங்கால் உயரத்துக்குச் செடிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, சூரியகாந்தி. அவரும் வேலிவழியாகப் பார்த்துப் பழகிய இலைதானே, கண்டுபிடித்துவிட்டார். புல் வெட்டுகிறவரிடம் சொல்லி அந்த இடத்தைத் தொடாமல் விட்டிருந்தார். "எஸ்தர், போன வருஷம் ஏன் அவற்றை வாடிய பிறகு கொண்டுவந்தாய்?" என்று கேட்டார். அவர் கோட்டுப் பையில் எப்போதும் குருவித் தீனி இருக்கும். அதைக் கேட்டு வாங்கி என் உள்ளங்கையில் பரப்பிக் காட்டினேன். "அது வாடவில்லை. முற்றியிருந்தது. இதுதான் நான் கொண்டுவந்த காணிக்கை. என் அம்மாவின் காணிக்கை." அவர் விதைகளையும் செடிகளையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் இதைக் கடையில் வாங்கும் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறேன்" என்றார். பிறகு அந்த ஈரமான புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "உன் அம்மாவின் காணிக்கையை நானா தூக்கி எறிந்தேன்?" நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெயராஜ் சொன்ன பின்வாசல் ஞாபகம் வந்து, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

அன்றே எழுதினேன்: "அம்மா, வெச்சுட்டேன். வெச்ச எடம்தான் கொஞ்சம் பின்னால தள்ளிப்போச்சு. அங்கயே மொளச்சிருச்சு." நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். ஆகஸ்டில் அவள் பதில் வந்தது. வருத்தமும் இல்லை, திட்டும் இல்லை. ஒரே ஒரு கேள்வி. "பூத்துப்போச்சா? எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு நீ எழுதவே இல்லியே."

அந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் கோயிலுக்குப் பின்னால் போனேன். மிஸஸ் ஹார்ட்லி எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார், கையில் கத்தரிக்கோல் இல்லை. "முற்றும்வரை காத்திருப்பேன்" என்றார். உயிர்த்தெழும் நாளில் எழுந்து கிழக்கைப் பார்ப்பதற்காக, இங்கே இறந்தவர்களைக் கிழக்கே கால்நீட்டிப் படுக்கவைக்கிறார்கள். மிஸஸ் ஹார்ட்லியின் கணவரும் அப்படித்தான் அங்கே கிடக்கிறார். அந்தக் கல்லறைகளுக்கு மேலாக உயர்ந்து என் தாராபுரத்துப் பூக்கள் அத்தனையும் அதே திசையைப் பார்த்து நின்றன. இங்கிலாந்து மண்ணில் கால் ஊன்றி நானும் அவற்றோடு அந்தப் பக்கமே திரும்பி நின்றேன். இங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான்.

"கெழக்குத்தான் அம்மா" என்று எழுதினேன். "ஆண்டவரப் பாத்து நிக்குதா, உன்னப் பாத்து நிக்குதான்னுதான் எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல."