முள்ளை மறைத்த ஸ்டிக்கர்

எங்கள் வகையறாவில் வண்டி ஓட்டியவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அப்பா சைக்கிள், இரண்டு சித்தப்பாக்களும் நடை, அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுப் பிடிக்கவே விடியலில் எழுந்திருப்பவர். அப்படிப்பட்ட வீட்டில் என் தங்கையின் ஒரே மகள் பதினாறு வருடம் லாண்டரி வேன் ஓட்டினாள். எனக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா என்று என்னைக் கூப்பிட அவள் ஒருத்திதான்.

வண்டி வேலையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சூடுபட்டுக் கற்றாள், நிஜமாகவே சூடுதான். வேலைக்குச் சேர்ந்த வருடம், என்ஜின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டாள். பீறிட்ட வெந்நீரில் வலது முன்கை வெந்துபோயிற்று. மூன்று வாரம் என் வீட்டில் கிடந்தாள். நான் ஊட்டிவிட, மென்றுகொண்டே சொன்னாள்: “இனிமே அதுகிட்ட கேட்டுட்டுதான் தொடுவேன் பெரியம்மா.” அதுமுதல், காய்ச்சல்காரப் பிள்ளையின் மூச்சைக் கேட்பதுபோல வண்டியின் சத்தத்தைக் கேட்பாள்.

அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். தபால் ஆபீஸில் வேலை. எங்கள் ஊர்க் கால்பந்து அணி என்றால் உயிர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் பேரே ‘விசில்’. ஒருநாள் அணியின் வட்ட ஸ்டிக்கரைத் தன் பழைய காரில், என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் கண்ணாடிமேல் ஒட்டினார். அன்று அணி ஜெயித்தது. அடுத்த வாரமும் ஜெயித்தது. எட்டு ஆட்டம் தோல்வியே இல்லை. அவ்வளவுதான், கோப்பை வரும்வரை ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது, பானெட்டைத் திறக்கக் கூடாது, காரைக் கழுவக்கூடக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

“ஏங்க, முள்ளு தெரியலைன்னா சூடு எப்படித் தெரியும்?”

“டீம் சூடா இருக்கு. அது போதாதா?”

“என்னமோ பண்ணுங்க. உங்க கார், உங்க பாடு” என்று அவள் விட்டுவிட்டாள். அது தன் தப்பு என்று இன்றும் சொல்வாள்.

அரையிறுதி அன்று, எங்கள் தெருவிலேயே குடியிருந்த கோல்கீப்பர் பல் வீங்கி டாக்டரிடம் போனதில் அணியின் பஸ்ஸைத் தவறவிட்டார். மாற்று ஆளுக்கோ கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. இவர் போகாவிட்டால் கோலில் நிற்க ஆளில்லை. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம கார் இருக்கு, ஏறுங்க!” என்றார். கீப்பர் முன்னால், நானும் அவளும் பின்னால்.

பாதி வழியில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஆட்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. மாப்பிள்ளை குதித்து இறங்கி பானெட்டைத் தூக்கி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்கப் போனார்.

“தொடாதீங்க!” அவள் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினாள்.

மாப்பிள்ளை ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். “நானே என் டீமைக் கவுத்துட்டேனே!”

“அழுறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க. இங்க எனக்கு வேலை இருக்கு.”

அரைமணி ஆறவிட்டாள். கீப்பர் கடிகாரத்தைப் பார்ப்பார், கன்னத்தைத் தடவுவார். ஆறியதும் தேடிப் பார்த்தாள். ரேடியேட்டர் ரப்பர் குழாயில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு.

“தம்பி, விரல்ல சுத்துற டேப் இருக்கா?”

“கடைசி ரோல்க்கா.”

“உங்க விரலுக்கு வேணுங்கறதைக் கிழிச்சுக்கிட்டு மீதியைக் குடுங்க.”

குழாயைத் துடைத்து, டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினாள். கீப்பரின் குடிதண்ணீர் பாட்டில்கள் மூன்றும் ரேடியேட்டருக்குள் போயின. பிறகு ஓட்டுகிற சீட்டில் தானே உட்கார்ந்து, ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள்.

“இந்த வெயில்லயா?” என்று அலறினேன்.

“என்ஜின் சூட்டைக் கொஞ்சம் நாமதான் வாங்கிக்கணும் பெரியம்மா.”

நான்கு பேரும் வெந்தோம். அவள் கண் ரோட்டுக்கும் முள்ளுக்கும் போய்ப்போய் வந்தது. முள் சிவப்பைத் தொடப்போகும் ஒவ்வொரு தடவையும் ஓரங்கட்டி நிறுத்துவாள், முள் இறங்கியதும் கிளம்புவாள். ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீப்பரைக் கேட்டில் இறக்கிவிட்டாள். ஒருபக்கம் வீங்கிய முகத்தோடு அந்த மனுஷன் ஒரு பெனால்டியைப் பாய்ந்து தடுத்தார். ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? “ஃபைனல் வரைக்கும் அந்த டேப்பைப் பிரிக்காதே. ராசியான டேப்!”

மறுநாள் காலை டேப்பும் பழைய குழாயும் குப்பைக்குப் போயின. புதுக் குழாய் வந்தது. இறுதி ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. மாப்பிள்ளையின் விசில் இரண்டு நாள் ஆணியில் தொங்கியது. டேப்பைத் தூக்கிப் போட்டதற்கு வீட்டில் இடி விழும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் தாமே பானெட்டைத் தூக்கித் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். “தோத்தது டீம்தான் பெரியம்மா, கார் இல்ல” என்றார். எங்கள் வீட்டு மாப்பிள்ளைகளிலேயே இவர்தான் தேறினவர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

வழியில் நடந்ததையெல்லாம் கீப்பர் அணியில் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த சீசனில் அணியின் பஸ்ஸை ஓட்ட அவளைத்தான் அழைத்தார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அவளுக்கு இன்றும் தெரியாது. முதல்நாள் விளையாட்டுக்காரர்கள் கூட்டமாக ஏறி, பளபளவென்ற புது ஸ்டிக்கரை டாஷ்போர்டில் ஒட்ட வந்தார்கள்.

“பின்னாடி கண்ணாடியில ஒட்டுங்கப்பா” என்றாள் என் மகள். “முன்னாடி எனக்கு முள்ளு தெரியணும்.”