ஆமைப்பாறையில் கெவுளி

ஆமைப்பாறையை வடக்கிலிருந்து பார்த்தால் ஆமை. தெற்கிலிருந்து பார்த்தால், கோபத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்ட என் பெரியப்பா. அதன் முதுகில் நின்றால் கீழே பருத்திக்காடுகளும், தூரத்தில் கோயமுத்தூர் போகும் ரயிலின் புகையும் தெரியும். ஆனால் காட்சியை ரசிக்க எங்கள் குடும்பத்தில் யாரும் மலையேறியதில்லை. பாறையிடுக்கில் பல்லி என்ன சொல்கிறது என்று கேட்கத்தான் ஏறுவோம். கெவுளி வலப்பக்கம் சொன்னால் காரியம் ஆகும். இடப்பக்கம் சொன்னால் ஆகாது. கல்யாணமோ கிணறோ, கடைசி வார்த்தை பல்லியுடையது.

எனக்கு எட்டு வயதானபோது என் அத்தைக்காக ஏறினோம். எட்டாவது தேறியிருந்தாள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கி வாத்தியாரம்மா படிப்புப் படிக்க ஆசை.

"பொட்டப்புள்ள சம்பாதிச்சா நாம சோறு திங்கோணும்?" என்றார் பெரியப்பா.

அப்பாரு, அதாவது என் தாத்தா, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வீடு இரண்டாகிவிடும். "கெவுளி கேட்டுப்போடலாம்" என்றதோடு சரி.

காலையில் எனக்குப் பழைய சோறு கிடைக்கவில்லை. மலையேறுகிறவனுக்கு வயிறு லேசாக இருக்க வேண்டுமாம், அப்பாரு உத்தரவு.

பாறைமேல் இடம் ஒதுக்கியதும் அவர்தான். நடுவில் அத்தை, இடப்பக்கம் பெரியப்பா, வலப்பக்கம் நான். கட்டுச்சோற்றுக் கூடையை என் மூக்குக்குக் கீழே வைத்தார்.

"கெவுளி சொன்னதுக்கப்புறந்தான் சோறு, கண்ணு."

பெரியவர்கள் கண்ணை மூடினார்கள். வெயில் ஏறியது. பல்லி பேசவில்லை, புளிச்சோறு பேசியது. அத்தை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டேயிருந்தாள். பெண் கல்விக்காகச் செய்தேன் என்று எழுத ஆசைதான். சோற்றுக்காகத்தான் செய்தேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ச்சுக், ச்சுக், ச்சுக்."

பெரியப்பா திடுக்கிட்டுக் கண் திறந்தார். "ஏனுங்கய்யா, இது பல்லிதானுங்களா?"

"பின்ன, பாறையா பேசும்? சோத்தாங்கைப் பக்கம் சொல்லிப்போடுச்சு. அம்மணி, அழுகாத. கூடையப் பிரி."

எனக்கு மட்டும் இரண்டு உருண்டை அதிகம் விழுந்தது.

ஆனியில் அத்தை ரயிலேறினாள். பாறைமேல் ஏறி நின்று அந்தப் புகைக்குக் கையாட்டினேன். குடும்பத்தையே ஏமாற்றிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் பல வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். அன்று காலை பழைய சோறு இல்லாமற்போனது எனக்கு மட்டும் ஏன் என்று யோசிக்கும் புத்தி அந்த வயதில் ஏது?