இரண்டு மணிக்குத் திரும்புகிறவர்

ஒன்பதாம் மாடியில், என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தன் நாடித்துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறார். கண்ணில் பனிக்கண்ணாடி, காலில் ஆணி வைத்த பூட்ஸ், இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை என் வீட்டுக் கதவின் கைப்பிடியில். நான் பால் வாங்கப் போக வேண்டுமென்றால் அவர் எண்ணி முடித்தாக வேண்டும்.

"இது ரெண்டாம் முகாம் சார். இங்க அவசரப்பட்டவன் எவனும் உருப்படியா மேல போனதில்ல."

இவர் எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக எங்களையெல்லாம் மேலே தூக்கிவிட்டவர், விடுமுறை நாள் வந்தால் பதினான்கு மாடியையும் நடந்தே ஏறுகிறார். முதுகுப் பையில் பதினெட்டு கிலோ. வேறொன்றுமில்லை, பழைய லிஃப்டில் கழற்றிய இரும்புக் கப்பிதான். அதைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். நேராக ஏறவும் மாட்டார். நாலு மாடி ஏறினால் இரண்டு இறங்குவார், மறுபடி ஏறுவார். உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டுமாம். பதினோராம் மாடியில் காற்று குறைவு என்று அடித்துச் சொல்கிறார். அங்கே குடியிருக்கும் பல் டாக்டர் அதைக் கேட்ட நாளிலிருந்து ஜன்னலைச் சாத்துவதில்லை.

வழியில் ஆளாளுக்கு வேலை வைப்பார்கள். "மேலதானே போறீங்க" என்று ஒருத்தி இஸ்திரித் துணியைக் கொடுப்பாள், இன்னொருவர் பல்பு மாற்றச் சொல்வார். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாய் வராது. ஆனால் கடிகாரம் இரண்டு அடித்தால் நிற்கிற இடத்திலிருந்து திரும்பிவிடுவார். மலையேறுகிறவர்களின் விதி அது. "ரெண்டுக்கு மேல ஏறினா உச்சி தெரியும் சார், வீடு தெரியாது." ஒருமுறை மொட்டை மாடிக் கதவுக்கு நான்கே படி பாக்கி. திரும்பிவிட்டார். "நாலு படிதானே அண்ணே" என்று சொன்ன பாவத்துக்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆறு விடுமுறை இப்படியே போயிற்று. விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமான பனிமலைக்கு ஒரு குழு புறப்படுகிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் மனைவியிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். "இத்தனை வருஷம் இருட்டுக் குழிக்குள்ள தலைய விட்டுப் பாத்தாச்சு. ஒரே ஒரு தடவை மேல நின்னு பாக்கணும் சார்" என்று இவர் சொன்னபோது நானே கையெழுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. கீழ்த்தளத்தில் தையல் மெஷின் போட்டிருக்கும் இவர் மனைவிக்கு, எங்கள் அக்காவுக்கு, அப்படித் தோன்றவில்லை.

"மேல போவாரு, அது எனக்குத் தெரியும். உச்சியக் கண்ட மனுஷன் பாதியில திரும்புவாரா? இங்க சும்மா படிக்கட்டு, ரூல் பேசலாம். ஆசை கண்ணை மறைச்சா?" என்றவர், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். மூட்டையோடு மொட்டை மாடி ஏறட்டும், நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று. ஏறவே மாட்டார் என்ற தைரியம்தான்.

படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. இவர் பதின்மூன்றைத் தாண்டிவிட்டார், பின்னால் சாட்சியாக நான். கண்ணால் பார்க்க, படிவமும் கையுமாக அக்கா லிஃப்டில் கிளம்பினார். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. அந்த வாரம் அதற்கு எண்ணெய் போட இவருக்கு நேரமில்லை, மலை இருந்தது.

"ஏங்க!" என்று சுவருக்குள்ளிருந்து குரல்.

லிஃப்டைக் கையால் சுற்றி இறக்கும் சக்கரம் மொட்டை மாடி அறையில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இரண்டு. அக்கா இறங்க இவர் ஏற வேண்டும், விதிப்படி இவர் இறங்க வேண்டும். அடுத்த நிமிஷம் மூட்டையைக் கழற்றி என் காலடியில் போட்டார். ஆணி பூட்ஸ் தடதடக்க மேலே ஓடினார்.

பத்து நிமிஷத்தில் லிஃப்ட் பன்னிரண்டாம் மாடியில் வந்து நின்றது. கதவைத் திறந்துவிட இவரும் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"ஏறிட்டீங்களா?" வெளியே வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி.

"ஏறிட்டாருக்கா, நானே சாட்சி" என்று முந்திக்கொண்டேன்.

"இல்ல" என்றார் இவர். "மணி ரெண்டு தாண்டிருச்சு. மூட்டையும் இல்ல. நான் வேலைக்குப் போனேன். ஏறினதுல சேராது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கைக்கு எட்டியது போயிற்றே.

"நாளைக்குக் கடைசி நாள், தெரியுமில்ல?" என்றார் அக்கா.

"தெரியும்."

அக்கா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கணவரின் தோளைப் பிடித்துச் சுவர் பக்கமாகத் திருப்பி, வியர்வையில் நனைந்த அந்த முதுகின்மேல் படிவத்தை விரித்தார். எழுத்து கோணிவிடக் கூடாதே என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.