அம்மாவின் கிளாசுகளும் ஐயாவின் மண்ணும்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. ஐயாவின் பெருமைகளை எழுதும்படி தம்பிமார் இருவரும் கேட்டுக்கொண்டார்கள். பெருமையை எழுதினால் பிடிவாதத்தையும் எழுதத்தான் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம்தான் இருந்தன.

ஐயா வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்தவர். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, மண்வெட்டி பிடித்துத் தங்கையை வளர்த்தார். அவர் கொத்திய வெங்காயத் தோட்டத்தில் ஒரு கட்டி மண்ணைக் காணமுடியாது. எல்லாவற்றையும் தட்டி மாவாக்கிவிட்டுத்தான் கரையேறுவார். அந்தத் தங்கைக்கு, எங்கள் மாமிக்கு, கலியாணம் சரிவந்தபோது, இருந்த ஒரே காணித்துண்டையும் சீதனமாக எழுதிக்கொடுத்தார். அதன்பின் அம்மாவையும் எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு, ஐம்பதுகளில், வன்னியில் உடையார்கட்டுப் பக்கம் அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணிக்கு வந்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது.

காடு வெட்டியதும், காய்ச்சலில் கிடந்ததும், யானைக்குக் காவல் இருந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். உங்களுடைய கதையும் அதுதானே. மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோகத்தில், முதல் இரண்டு முறையும் எங்கள் வயல் ஏன் முளைக்கவில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஐயா ஊரில் செய்தது போலவே இங்கும் செய்தார். கட்டி கட்டியாகத் தட்டி, வயலை மாவாக்கி, புழுதியில் நெல் விதைத்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. முதல் மழையில் அந்த மா கரைந்து, வெயில் பட்டதும் மேலே தட்டாக இறுகிவிட்டது. கிண்டிப் பார்த்தால் முளை அடியில் வளைந்து மஞ்சளாகக் கிடந்தது. வாய்க்காலில் நின்ற தண்ணீர் நாலு நாள் போயும் தெளியாமல் பால்தேத்தண்ணி நிறத்திலேயே நின்றது. அடுத்த வருடம் ஐயா இன்னும் நுணுக்கமாகத் தட்டினார். இன்னும் மோசமாக இறுகியது.

காணிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி வந்து பார்ப்பார், செய்கை சரியில்லையென்றால் காணிப் பெர்மிற்றை ரத்துச் செய்து வேறொருவருக்குக் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தது. திரும்பிப் போவதற்கு ஊரில் எங்களுக்கு வேலிக்கு நடும் ஒரு கதியால் தடிகூடச் சொந்தமில்லை. ஐயா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, அம்மாவின் கலியாணத்துக்கு வந்த ஆறு கண்ணாடிக் கிளாசுகளையும் எடுத்து யன்னலடியில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் விட்டு, காணியின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து மெதுவாகப் போட்டார்.

“இதென்ன விளையாட்டு? தேத்தண்ணி குடிக்க ஒரு கிளாசும் இல்லை,” என்றார் அம்மா.

“கொஞ்சம் பொறும். எந்த மூலை கள்ள மூலை எண்டு பாப்பம்.”

வீட்டுக்குப் பின்னால், பாலை மரத்தடியில், மண்வெட்டி படாத இடத்துக் கட்டி போட்டபடியே கிடந்தது. தண்ணீரும் தெளிவாக இருந்தது. வயலிலிருந்து எடுத்த ஐந்தும் சிறிது நேரத்தில் பொலபொலவென்று உதிர்ந்து, சுற்றிவரப் புகை மாதிரிக் கலங்கின. மறுநாளும் தெளியவில்லை. ஐயா மண்வெட்டி படாத கட்டியையும் கலங்கிய ஐந்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மண்ணில பிழையில்லைப் பிள்ளை,” என்றார் என்னிடம். “நான்தான் இதை அடிச்சுக் கெடுத்துப்போட்டன்.”

ஐயா தன் பிழையை வாய்விட்டுச் சொன்னதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அம்மாவின் பொறுமை போய்விட்டது. வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றவர், “உந்தச் சேத்துத் தண்ணியை நான் இப்ப ஊத்தப்போறன்,” என்று கையை உதறினார். விரலில் இருந்த சுண்ணாம்பு ஒரு கிளாசுக்குள் விழுந்தது. ஐயா அதை எடுத்து ஒரு கலக்குக் கலக்கி வைத்தார். பின்னேரம் பார்த்தால் அந்தக் கிளாஸ் மட்டும் தெளிந்து, சேறு அடியில் தயிர் மாதிரிப் படிந்திருந்தது.

“இஞ்சேரும், இன்னொண்டுக்குள்ளயும் கொஞ்சம் போடும்!” என்று ஐயா சத்தம்போட்டதில் பக்கத்துக் காணிக்காரர் பாம்பாக்கும் என்று பொல்லோடு ஓடிவந்தார்.

அதிகாரி கடிதத்தில் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தியே வந்து நின்றார். கதிரை கொடுத்து இருத்தினோம். அம்மா மூக்குப்பேணியில் தேநீர் கொடுத்தார். அண்ணாந்து குடித்துப் பழக்கமில்லாத அந்த மனிதர் பாதியை வெள்ளைச் சேட்டில் ஊற்றிக்கொண்டார்.

“வீட்டில ஒரு கிளாஸ்கூட இல்லையோ?”

“ஆறு கிடக்குது சேர். ஆறுக்குள்ளயும் மண்,” என்றார் அம்மா.

அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். ஐயா ஒவ்வொரு கிளாசாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, தன்னுடைய பிழையிலிருந்து அம்மாவின் சுண்ணாம்பு வரை ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி கலங்கியதையும் தெளிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இன்னுமொரு போகம் தாறன்,” என்றார். “விளைஞ்சால் சொல்லி அனுப்புங்கோ. நானும் வந்து பாக்கவேணும்.”

அந்த வருடம் ஐயா கட்டிகளைத் தட்டவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வயலைச் சுற்றி நடந்ததில் தெரிந்தது. காவிளாய்ச் செடியும் வேப்பங்குழையும் வெட்டிப் பசளையாக மண்ணுக்குள் புதைத்தோம். முள்ளிவாய்க்கால் கரையில் மீன்பிடித்தொழில் செய்யும் சூசை அண்ணர் சிப்பி சுட்ட சுண்ணாம்பை வண்டியில் கொண்டுவந்து தந்தார்; அதை வயல் முழுதும் தூவினோம். ஈரத்தில் வயலை மிதிக்க ஐயா ஒருவரையும் விடவில்லை. மழை பெய்தது. மண் இறுகவில்லை. வரம்பில் நின்று, “வந்திட்டுது, இஞ்சை வந்து பாரும், வந்திட்டுது!” என்று ஐயா அம்மாவைக் கூப்பிட்டார். அறுவடைக்கு அதிகாரி வந்தார். அவருக்கு இந்த முறை கிளாசில் தேநீர் கிடைத்தது.

அந்தக் காணிதான் தம்பிமாரைப் படிக்க வைத்தது, என்னைக் கரைசேர்த்தது. கடைசி மாதம் நெஞ்சு நோவோடு படுக்கையில் இருந்தபோது ஐயா என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, கீழ் வயலில ஒரு கட்டி எடுத்துக்கொண்டா,” என்றார். முன்பு மிக மோசமாக இறுகிய இடம் அது. கட்டிலருகில் ஒரு கிளாசில் தண்ணீர் விட்டுப் போட்டு வைத்தேன். பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி உடையவில்லை. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

“கொம்மாவைக் கூப்பிடு, பாக்கட்டும்.”

அம்மா வந்து பார்த்தார். “இப்பவாவது என்ரை கிளாசைத் தருவீங்களோ?” என்றார். ஐயா சிரித்தார். அடுத்த நாள் போய்விட்டார்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டொக்டருக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், எட்டு நாளும் எங்கள் குசினியில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த வீடுகளுக்கும், தந்தி அனுப்பியவர்களுக்கும், கடற்கரையிலிருந்து நடந்தே வந்து பாடைக்குத் தோள்கொடுத்த சூசை அண்ணருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் நன்றியுடையது.

ஒரு மன்னிப்பும் கேட்கவேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று சிலருக்குத் தேநீர் பிந்திப்போனது. வீட்டில் ஒரு கிளாஸ் குறைவாக இருந்தது. அந்த மண்ணைக் கொட்டிக் கழுவ அம்மா விடவில்லை.