பெயர் கேட்காத தொலைபேசி

கொறற்றிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனமும் நீளம். டுசல்டோர்ஃபுக்கு வந்து முப்பத்துநாலு வருடம். அதில் பத்தொன்பது வருடம் முதியோர் இல்லமொன்றில் கிழவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, அவர்கள் தருகிற ஏச்சையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள். அது போதாதென்று, ஏழு வருடத்துக்கு முன்னர் இன்னொரு வேலையையும் வலியப்போய்த் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். குளிர்காலம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, வட்டார மையத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு தொலைபேசி. ஜேர்மன் மொழியில் நாக்குப் புரளாதவர்கள் தமிழில் எடுத்துக் கேட்கலாம். தடுப்பூசி எங்கே போடுவது, வீடு சூடாகாவிட்டால் யாரிடம் சொல்வது, படியில் வழுக்கி விழுந்தால் எந்த டொக்டர். சம்பளம் கிடையாது, கோப்பி மட்டும் சும்மா.

முதல் மூன்று மாதமும் எடுத்த ஒருவர்கூட நின்று கதைக்கவில்லை. பிறகுதான் அவளுக்கு விசயம் பிடிபட்டது. எடுத்தவுடன் அவள் பெயரைக் கேட்டாள், கேட்டவுடன் மறுபக்கம் தொலைபேசியை வைத்தது. எங்கள் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால் தாங்குவார்கள், காய்ச்சல் வந்த கதை கோயில் வாசலுக்குப் போனால் தாங்கமாட்டார்கள். ஆகவே கொறற்றி தமிழ்க் கடைகளில் ஓர் அறிவித்தல் ஒட்டினாள்: பெயர் கேட்கமாட்டோம், உங்கள் எண்ணை மறைத்தும் எடுக்கலாம். அன்றிலிருந்து அந்தத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. தன்னுடைய கெட்டித்தனத்தை அவள் பத்துப் பேரிடமாவது சொல்லிப் பெருமைப்பட்டிருப்பாள்.

அந்தத் தை மாதச் செவ்வாய்க்கிழமை வெளியில் மைனஸ் பதினொன்று. பத்தேகாலுக்கு ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். குரல் சோர்ந்து கிடந்தது.

"அக்கா, எனக்கு விடியத்தொட்டுத் தலையிடி. ரெண்டு தரம் சத்தியும் எடுத்திட்டன். பிள்ளை பிறந்து பதினெட்டு நாள்தான். பால் குடுக்கிறன், என்ன குளிசை போடலாம்?"

"காய்ச்சல் காயுதோ பிள்ளை?"

"இல்லை அக்கா. காலெல்லாம் சோருது. பிள்ளையும் நல்ல நித்திரை, பாலுக்கும் எழும்புறானில்லை."

"இப்ப ஊரெல்லாம் இந்த வருத்தம்தான். வீடு சூடா இருக்கோ?"

"வீடு சூடாக்கிற ஹைற்சுங் பழுதாகி ரெண்டு நாள். நாளைக்குத்தான் திருத்த வருவினமாம். அம்மா ஊரிலயிருந்து சொன்னவ, சட்டியில தணல் வைச்சிருக்கிறன். அறை நல்ல வெக்கை. மூச்சு முட்டுற மாதிரிக் கிடக்கு. யன்னலைக் கொஞ்சம் திறக்கட்டே?"

"ஐயோ, விசர்வேலை பாக்காதேங்கோ. பச்சை உடம்புக்காரி, இந்தக் குளிர் பட்டா வாதம் பிடிச்சிடும்."

"கொஞ்ச நேரத்துக்குத் திறந்தாலும் கூடாதோ அக்கா?"

"கூடாது. நல்லாச் சாத்திப்போட்டுப் பிள்ளையோட படுங்கோ. பரசிற்றமோல் ஒண்டு போடுங்கோ. பின்னேரமும் சுகமில்லையெண்டா டொக்டரிட்டைப் போங்கோ."

"சரி அக்கா," என்றாள் அந்தப் பெண். மிகவும் நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

தணல் என்ற சொல் கொறற்றியின் காதில் விழாமல் இல்லை. விழுந்தது, விழுந்த வேகத்தில் போய்விட்டது. பிள்ளையைக் குளிக்க வார்த்தால் தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவது எந்தத் தமிழ் வீட்டில் இல்லை? அவளே தன் இரண்டு பிள்ளைகளுக்கும் காட்டியவள், அவளுக்கு அவளுடைய தாய் காட்டியவள். ஐந்து நிமிட அலுவல். ஒரு ஜேர்மன்காரி அந்தத் தொலைபேசியை எடுத்திருந்தால், வீட்டுக்குள் நெருப்புச் சட்டியா என்று துள்ளி எழுந்திருப்பாள். கொறற்றிக்கோ அது அடுப்படியில் அரிசி கொதிக்கிறது என்பதைப் போலத்தான் கேட்டது.

அடுத்ததாக ஒரு பெரியவர் எடுத்தார். தடுப்பூசி போட்டால் கை உளையுமா என்று கேட்கத் தொடங்கி, தன் மருமகள் வைக்கிற புளிக்குழம்பு வரைக்கும் வந்துவிட்டார். கொறற்றி அவரோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். பதினாறு நிமிடம் போனது. அந்தப் பதினாறு நிமிடத்தை அவள் பிறகு எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

வட்டார மையத்துக்கு மாதமுடிவில் ஓர் அறிக்கை கொடுக்கவேண்டும். பெயரில்லாமல், என்ன முறைப்பாடு என்று மட்டும். பெரியவர் வைத்தபிறகு அவள் கொப்பியை எடுத்து எழுதினாள். பெண். குழந்தை பெற்றவள். தலையிடி, வாந்தி, சோர்வு. காய்ச்சல் இல்லை. குழந்தையும் எழும்பவில்லை. அறையில் தணல். யன்னல் பூட்டு.

எழுதிய வரியை அவள் திரும்ப வாசித்தாள். காதுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் வருடாவருடம் முதலுதவி வகுப்பு நடக்கும். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் அது நோய் இல்லை, அந்த வீட்டுக் காற்று என்று படிப்பிக்கிறவர் மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார். மேசையில் கிடந்த நகரசபையின் குளிர்காலத் துண்டுப்பிரசுரத்திலும் அது இருந்தது: கரியை வீட்டுக்குள் எரிக்காதீர்கள், அதன் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைத் தமிழாக்கியவளே கொறற்றிதான். வாசித்து, மொழிபெயர்த்து, அச்சடித்து, ஐந்நூறு பிரதி கொடுத்தவள்.

"மாதாவே, பிள்ளையைச் சாகச் சொல்லிப்போட்டேனே," என்று வாய்விட்டுச் சொன்னாள். தொலைபேசித் திரையைப் பார்த்தாள். மறைக்கப்பட்ட எண் என்று இருந்தது.

அவசர உதவி எண் 112ஐ அழைத்தாள். எடுத்தவர் நிதானமாக முகவரி கேட்டார். தெரியாது என்றாள். பெயர்? தெரியாது. எந்தப் பகுதி? தெரியாது, தெரியாது, தமிழ்ப்பிள்ளை, கைக்குழந்தை இருக்கிறது. எண்ணைத் தேடிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறோம், ஆனால் அதற்கு நேரம் எடுக்கும், முகவரி கிடைத்தால் அந்த நொடியே சொல்லுங்கள் என்றார் அவர். பெயர் கேட்கமாட்டோம் என்று பெருமையாக ஒட்டிய அறிவித்தல் எதிரே சுவரில் தொங்கியது. கொறற்றிக்கு அதைக் கிழித்துத் தின்னவேண்டும் போலிருந்தது.

யாரைக் கேட்பது? பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் அரைத்துச் சரக்குக் கறி காய்ச்சாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. சரக்குத்தூள் ஜேர்மன் கடையில் கிடைக்காது. அவள் சிறீதரனின் பலசரக்குக் கடைக்கு அடித்தாள்.

"சிறீ, இந்த மாதம் ஆர் ஆர் சரக்குத்தூள் வாங்கினது? கெதியாச் சொல்லும்."

"ஏனக்கா, என்ன விசயம்?" சிறீதரனின் குரலில் புதினம் கேட்கிற ஆசை எட்டிப் பார்த்தது. "ஆற்றையும் வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பெட்டை சாகக்கிடக்கிறாள். வாயை மூடிக்கொண்டு சொல்லும்!"

சிறீதரன் தடுமாறினான். "மூண்டு பேர் அக்கா. ஒண்டு பக்கத்து ஊர் நொய்ஸில, அங்க மாமியார் வந்து நிக்கிறா. மற்றது வுப்பற்றால் ஆக்கள், அது தூரத்து ஊர். மூண்டாவது ஒரு பெடியன், கோகுல் எண்டு. பார்சல் குடுக்கிற வேலை. சாம்பிராணியும் வாங்கினவன். கரி இருக்கோ எண்டும் கேட்டவன். இறைச்சி சுடுற கிறில் கரி கட்டடச்சாமான் கடையில வாங்கலாம் எண்டு நான்தான் சொல்லிவிட்டனான்."

"வீடு எங்கை?"

"தெரியாதக்கா... நில்லுங்கோ, நில்லுங்கோ. அரிசி மூட்டை கொண்டுபோய்க் குடுத்தனாங்கள். லிஃப்ற் இல்லாத வீடு. துண்டு இஞ்சைதான் எங்கையோ கிடக்கும்."

அவன் துண்டைத் தேடினான். பெட்டிகள் புரளுகிற சத்தமும், யாரோ கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்கிற சத்தமும் கேட்டன. கொறற்றி தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு அருள்நிறை மரியே சொன்னாள். பாதியில் அதுவும் மறந்துபோனது. பதினொன்றாக ஏழு நிமிடம் இருக்கும்போது சிறீதரன் தெருவையும் இலக்கத்தையும் வாசித்தான். ரயில்பாதைக்குப் பக்கத்துத் தெரு, நாலாம் மாடி.

112க்குச் சொல்லிவிட்டு அவள் மேலங்கியையும் போடாமல் ஓடினாள். மூன்று ட்ராம் தரிப்புத் தூரம். உறைந்த நடைபாதையில் ஐம்பத்தெட்டு வயதுக்காரி ஓடினால் என்ன நடக்கும்? இரண்டு தரம் விழுந்தாள். இரண்டாம் தரம் முழங்கால் பிளந்து இரத்தம் வந்ததை அவள் பார்க்கவே இல்லை. சனங்கள் விலகி நின்று பார்த்தார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி இரண்டும் அம்புலன்ஸ் இரண்டும் நின்றன. நாலாம் மாடி யன்னல்கள் எல்லாம் அகலத் திறந்து, ஒரு பூப்போட்ட திரைச்சீலை வெளியே அடித்துக்கொண்டிருந்தது. முதலில் தாயைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒட்சிசன் மூடி, ஒரு கை தூக்குக் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மெலிந்த, சின்னப் பிள்ளைக் கை. பின்னால் ஒரு தீயணைப்புவீரர் படியால் இறங்கி வந்தார். அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போன்ற ஒன்றின் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். அழுத்துவதை அவர் நிறுத்தவில்லை. அம்புலன்ஸ் கதவு மூடும்வரையும் நிறுத்தவில்லை.

அந்தத் தாய், பார்கவி, பிழைத்தாள். உயர்ந்த அழுத்தத்தில் ஒட்சிசன் கொடுக்கிற ஓர் அறைக்குள் வைத்து அவளை மீட்டார்கள். பிள்ளையை மீட்க முடியவில்லை.

மூன்றாம் நாள் கொறற்றி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாதே என்றுதான் கால் சொன்னது. பார்கவியின் கணவன் கோகுல் வார்டுக்கு வெளியே கதிரையில் இருந்தான். வேலைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவள் யார் என்று அறிந்ததும் எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, சிறீ அண்ணை எல்லாம் சொன்னவர். நீங்கள் கடைக்கு அடிச்சுத் தேடிப் பிடிக்காட்டி இவளும் எனக்கில்லை. உங்களைக் கடவுளாத்தான் பாக்கிறன்."

அந்தக் கைகளிலிருந்து தன் கைகளை எடுக்கக் கொறற்றியால் ஏலவில்லை.

"அவ எப்பிடி?"

"சாப்பிடுறாளில்லை. கண்ணில ஒரு துளி தண்ணியும் வரயில்லை. அண்டைக்குக் காலமை நடந்தது ஒண்டும் அவளுக்கு ஞாபகமில்லை. டொக்டர்மார் அப்பிடித்தான் இருக்குமெண்டினம். உங்களோட கதைச்சதும் ஞாபகமில்லை. யன்னலெல்லாம் பூட்டிக் கிடந்தது, கதவுக்குக் கீழ துவாயும் வைச்சிருந்தது எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். நான்தான் பூட்டினனான், நான்தான் பிள்ளையைக் கொண்டனான் எண்டு சுவரைப் பாத்துச் சொல்லிக்கொண்டே கிடக்கிறாள்."

கொறற்றி நின்றாள். பார்கவிக்கு ஞாபகமில்லை. அப்படியானால் அந்தத் தொலைபேசியில் என்ன பேசப்பட்டது என்று இந்த உலகத்தில் இப்போது ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் சாகும்வரை கடவுளாகவே இருக்கலாம். இதை அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று பிறகும் அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"தம்பி," என்றாள். "பூட்டச் சொன்னது நான். அவ ரெண்டு தரம் கேட்டவ, யன்னலைத் திறக்கட்டே எண்டு. நான்தான் கூடாதெண்டு சொன்னனான். தணல் எண்டு சொன்னதும் என்ரை காதில விழுந்தது."

கோகுலின் கைகள் மெல்ல மெல்லக் கழன்றன. அவன் அவளைப் பார்த்த பார்வையை எழுத்தில் வைக்க முடியாது. அடிப்பானென்று நினைத்து அவள் கண்ணை மூடினாள். அடித்திருந்தாலும் நியாயம்தான். தாதி ஒருத்தி மருந்துத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு இருவருக்கும் நடுவால் போனாள்.

"என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்றான் கடைசியில். குரல் கிழிந்துபோய் இருந்தது. "உள்ளுக்குப் போய் அவளிட்டைச் சொல்லுங்கோ."

கொறற்றி உள்ளே போனாள். பார்கவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பால் கட்டி நெஞ்சுச் சட்டை நனைந்திருந்தது. கட்டிலருகே நின்றபடியே கொறற்றி எல்லாவற்றையும் சொன்னாள். முன்னும் சேர்க்கவில்லை, பின்னும் குறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கேட்க முகமில்லை.

பிறகு பார்கவி மெதுவாகத் திரும்பினாள்.

"நான் திறக்கட்டே எண்டு கேட்டனானோ?"

"ஓம் பிள்ளை, கேட்டனீங்கள்."

"உண்மையாவோ? நான் கேட்டனானோ?"

"ரெண்டு தரம் கேட்டனீங்கள்."

மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் பார்கவி வாய்விட்டு அழத் தொடங்கினாள். கொறற்றி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.