குதிரைக் கதையின் இரண்டாம் பாகம்

குழந்தைகளுக்காக நான் எழுதிய புத்தகங்களில் எதற்கும் இரண்டாம் பாகம் கிடையாது. கேட்பவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவிடுவேன். அது உண்மையில்லை. ஐம்பதுகளின் நடுவில், என் பதினோராவது வயதில், போடிநாயக்கனூரில் ஒரு கதைக்கு இரண்டாம் பாகம் சொன்னேன். அதற்குப் பிறகு மனம் வரவில்லை.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா ஓர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டினார். டவுனில் இருந்த தோட்டத்து ஆபீசிலிருந்து அரிசி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மலைமுகட்டில் இருக்கும் போடிமெட்டு வழியாக மேலே போவார். இரண்டு நாளுக்கு ஒருமுறை இறங்குவார். அம்மா ஒரு கமிஷன் கடையின் பின்கட்டில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பாள். அவள் சேலையில் அந்த வாசம் எப்போதும் இருக்கும். தம்பிக்கு ஆறு வயது. அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த வருஷம் தம்பிக்கு அம்மை போட்டது. சொறியாமல் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா பிடித்தால் இழுத்துக்கொள்வான். அதனால் கதை சொன்னேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அரக்கி மழையைத் திருடிப் பூட்டி வைத்திருக்கிறாள். ஒரு பையன் காது மடிந்த வெள்ளைக் குதிரையில் ஏறிப் போய் மழையை மீட்கிறான். ஆனால் மழைக்கு ஈடாகக் குதிரையை அரக்கியிடமே விட்டுவிட்டு வர வேண்டியதாகிறது. தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளில் நான் கதையை முடித்தேன்.

"குதிர என்னாச்சு?" என்றான்.

"அங்கேயேதான் இருக்கு."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ரயிலடிக்குப் பக்கத்துத் திடலில் பொருட்காட்சி வந்தது. எங்கள் ஊர் அப்படி ஒன்றை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆகாயத்தைத் தொடும் ராட்டினம், பலகைக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடிக் கூடாரம், மேசைமேல் உட்கார்ந்து பேசும் தலை. சாயங்காலமானால் இன்ஜின் சத்தமும் பல்பு வெளிச்சமும் தெருவரைக்கும் வரும். தம்பி எதையும் நின்று பார்க்கவில்லை. கடைசியில் இருந்த குதிரை ராட்டினத்துக்கு நேராக ஓடினான். பன்னிரண்டு மரக்குதிரைகள். இரண்டு பேர் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். அவற்றில் ஒரு வெள்ளைக் குதிரைக்கு ஒரு காது உடைந்திருந்தது.

"அக்கா, அதுதான" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், கதையை நீட்ட எனக்கும் ஆசையாக இருந்தது. அடுத்த பத்து நாளும் திடலுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் இரண்டாம் பாகம் வளர்ந்தது. அரக்கி குதிரையை மரமாக்கி ராட்டினக்காரருக்கு விற்றுவிட்டாள். ராட்டினக்காரருக்கு அது தெரியாது. கண்ணாடிக் கூடாரத்தில் நெட்டையாகத் தெரிவது அவளுடைய காவலாள்தான். பேசும் தலை அவளுக்கு ஒற்றுச் சொல்கிறது. மெட்டைத் தாண்டினால் குதிரைக்கு உயிர் வந்துவிடும். ஆனால் கூடப் போகிறவன் மெட்டைத் தாண்டும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவனும் மரமாகிவிடுவான்.

மெட்டு என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பொருட்காட்சி மலைக்கு எதிர்த்திசையில் தேனிப் பக்கம் போகப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மலைக்குப் போகாத குதிரைக்கு உயிர் வந்ததா என்று யாரும் பார்க்க முடியாது. என் கதைக்கு நானே போட்ட வேலி அது.

பொருட்காட்சி முடிந்த மறுநாள் காலையில் தம்பியைக் காணவில்லை.

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எங்கடி அவன்? கஞ்சி ஆறுது, கூப்புடு" என்றாள். தெருவில் இல்லை. பக்கத்து வீடுகளில் இல்லை. திடலுக்கு ஓடினேன். கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குதிரை ராட்டினம் இருந்த இடத்தில் வட்டமாக மிதிபட்ட மண் மட்டும் இருந்தது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அவுக இப்ப சித்த முந்தி போயிட்டாக பாப்பா. மேல ஏதோ தோட்டத்துல திருவிழாவாம். லாரில ஏத்திக்கிட்டு மலைக்குப் போறாக."

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உறுதியில்லை; ஆனால் குதிரையோடு அவனும் ஏறிப் போயிருப்பான்.

திரும்பி ஓடியபோது திடலை ஒட்டிய தோட்டக் கிணற்றைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. துணி துவைக்க வந்த ஒரு பெண், காலையில் ஒரு சின்னப் பையன் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சொல்லியிருக்கிறாள். அவனைத் தேடி வந்த அம்மா கிணற்று மேட்டில் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். அவளுடைய கடையில் மூட்டை தூக்கும் ஒருவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்தார்.

இந்த இடத்தை நான் பலமுறை மனதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அவர் மேலே வந்தார், மூச்சு வாங்கினார், தலையை ஆட்டினார். மறுபடி முங்கினார். சொன்னால் என்னைத்தான் கேட்பார்கள். சொல்லாவிட்டால் அவன் தானாக எங்கிருந்தோ வந்துவிடுவான், யாருக்கும் எதுவும் தெரியாது. பதினோரு வயது மூளை இப்படித்தான் ஓடியது. மூன்றாவது முறை அவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். படிக்கல்லில் மோதியிருந்தார். கயிறு போட்டு மேலே இழுத்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ பாக்குறேன்" என்றார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "ஆத்தா, அவன் கெணத்துல இல்ல. குதிர லாரில போயிருப்பான்."

"எந்த லாரி?"

"ராட்டின லாரி. மலைக்குப் போயிருக்கு. நாந்தான் அப்படிக் கத சொன்னேன்."

அம்மா என்னை அடிக்கவில்லை. என்ன கதை என்றும் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு அப்பா கீழேதான் இருந்தார். ஆபீஸ் வாசலில் ஜீப்பில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் பாதி லோடோடு வண்டியை எடுத்தார்.

மலையடிவாரத்தில் இருக்கும் முந்தலுக்கு வந்தோம். அங்கே டீக்கடை வாசலில் அப்பா இன்ஜினை அணைக்காமலே கேட்டார்.

"அண்ணே, மரக்குதிர ஏத்துன லாரி போச்சா?"

"போயி அரை மணி இருக்கும். ஓவர் லோடு. முக்கிக்கிட்டுத்தான் ஏறுது."

"ஒரு சின்னப் பயலப் பாத்தீகளா?"

கடைக்காரர் இல்லை என்று கையை விரித்தார்.

அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எத்தனையோ முறை அப்பாவோடு அந்தப் பாதையில் போயிருக்கிறேன். அவர் இப்படி ஓட்டிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை விடாமல் அடித்தார். மூட்டைகள் என் முதுகில் வந்து முட்டின. ஐந்தாறு வளைவு தாண்டியபின் ரோட்டின் நடுவில் ஏதோ கிடந்தது. அப்பா பிரேக்கை அழுத்தினார். வெள்ளைப் பெயின்ட் அடித்த மரக்கால் ஒன்று, முழங்காலோடு முறிந்து கிடந்தது.

"நிக்காதீக. போங்க வெரசா" என்றாள் அம்மா.

அடுத்த வளைவிலேயே லாரி நின்றிருந்தது. பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. ஏற்றத்தில் கட்டு இளகி, குதிரைகளும் இரும்புக் குழாய்களும் பின்னால் சரிந்து, பின்பலகையின் சங்கிலி அறுந்துவிட்டது. தார்ப்பாய்க்குள் மொத்தச் சுமையும் ஒரே கயிற்றில் தொங்கியது. பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்லே நெறுநெறுவென்று நகர்ந்துகொண்டிருந்தது. ராட்டினக்காரர் கையில் அரிவாளோடு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். கயிற்றை வெட்டிச் சுமையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் வண்டி தப்பும்.

அப்பா குதித்து ஓடினார். "அண்ணே, வெட்டாதீக. உள்ள எம்புள்ள இருக்கான்."

"ஏத்துறப்ப யாரும் இல்லையே."

"ஏத்துனதுக்கு அப்புறம் ஏறியிருக்கான்."

லாரி டிரைவர் பக்கப் பலகையைத் தட்டிக் கூப்பிட்டார். பதில் இல்லை. அம்மா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கு முறை கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. தார்ப்பாய் அசையவில்லை.

ராட்டினக்காரர் கெட்டவர் இல்லை. நழுவும் கல்லைக் காட்டினார். "இருந்தா இந்நேரம் கத்தியிருக்க மாட்டானாங்க? கல்லு நழுவுது. வண்டி போனா டிரைவர் பொழப்பும் போச்சு, எம்பொழப்பும் போச்சு."

அப்பாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளேதான் இருக்கிறானா, இல்லை இதுவும் உன் கதையா என்று அந்தப் பார்வை கேட்டது. அப்போதுதான் அவன் ஏன் பேசவில்லை என்று எனக்கு உறைத்தது. மெட்டு இன்னும் வரவில்லை. வாய் திறந்தால் மரமாகிவிடுவான். பயத்தை அடக்கிக்கொண்டு, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே இருக்கிறான்.

நான் பலகையோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னேன். "தம்பி, மெட்டு தாண்டியாச்சுடா. இனிப் பேசலாம்."

ஒன்றும் கேட்கவில்லை. காற்றில் தார்ப்பாய் மட்டும் படபடத்தது. இல்லையோ, கிணற்றில்தானோ என்று நினைத்தேன்.

பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "பொய் சொல்லாத. குதிர இன்னும் மரமாத்தான் இருக்கு."

ராட்டினக்காரர் அரிவாளைக் கீழே போட்டார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. டிரைவரும் கிளீனரும் பாறைக்கற்களை உருட்டி வந்து சக்கரத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஜீப்பிலிருந்த அரிசி மூட்டைகளையும் அண்டக் கொடுத்தார்கள். அப்பா லாரியின் தலைமேல் ஏறி, முன்பக்கமாகத் தார்ப்பாய்க்குள் நுழைந்தார். நாங்கள் பார்த்ததெல்லாம் தார்ப்பாயில் எழும்பி அடங்கும் அவருடைய முதுகு மட்டும்தான். "அசையாத அப்பு. அய்யா வந்துட்டேன். கால எடுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு குழாய் சரிந்து கணீரென்று விழுந்தபோது அம்மா என் தோளைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த தழும்பு வெகுநாள் இருந்தது.

தம்பியின் வலது கால் இரண்டு குதிரைகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. மேலே இருந்த குழாய்களை ஒரு குதிரையின் கழுத்து தாங்கிக்கொண்டதால் அவன் பிழைத்தான். எந்தக் குதிரை என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. அப்பா அவனைத் தூக்கி வெளியே கொடுத்தபோது அவன் டிரவுசர் நனைந்திருந்தது. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வைத்தார்கள். இரண்டு மாதம் படுக்கையில் இருந்தான். இந்த முறை அவன் கதை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூடத்தில் நான் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வான். ஆடி மாதம் கட்டுப் பிரித்த பிறகுதான் "அக்கா, தண்ணி கொண்டா" என்று ஒரு வார்த்தை பேசினான். அப்பா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஆனால் அம்மா அப்படி விடவில்லை. தம்பிக்குக் கட்டுப் போட்ட மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு அந்த மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்குப் போனாள். நெற்றியில் துணிக்கட்டோடு, வேலைக்குப் போக முடியாமல் அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அண்ணங்கிட்ட நீயே சொல்லு" என்றாள் அம்மா.

நான் சொன்னேன். அவர் முதல் முறை முங்கியபோதே எனக்குத் தெரியும் என்பதை, மூன்றாவது முறைவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மனைவி என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

அவர் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மூணாவது வாட்டி முங்கயில கால்ல என்னமோ தட்டுச்சு" என்றார். "மெத்துமெத்துனு இருந்துச்சு. புள்ளைனு நெனச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சேன். அந்தப் பதட்டத்துலதான் கல்லுல மோதுனேன். பாத்தா, ஊறிப்போன வாழத்தண்டு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "மண்ட ஒடஞ்சதப் பத்தி ஒண்ணுமில்ல தாயி. அது ஆறிரும். புள்ள செத்துப்போச்சுனு நெனச்சு அத நான் புடிச்சிருந்த நேரம் இருக்கு பாரு, அத நீ தெரிஞ்சு வச்சுக்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் அழுதேன். அம்மா என்னைத் தேற்றவும் இல்லை, எழுப்பவும் இல்லை. நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.